மூணு மணி நம்பரும் வரைபடக் கம்பெனியும்

மதியம் மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில் கேரள லாட்டரிக் குலுக்கல். முதல் பரிசு எண் வெளியான சில நிமிடங்களில் அதன் கடைசி மூன்று இலக்கம் குமுளி மலையிறங்கி, கம்பம், தேனி, உசிலம்பட்டி தாண்டி மதுரைக்கு வந்து சேர்ந்துவிடும். முன்பு அதைக் கொண்டுவந்தது எஸ்.டி.டி. பூத். இப்போது வாட்ஸப். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003 ஜனவரியில் தடை வந்தது. சீட்டு போனது, நம்பர் போகவில்லை. துண்டுத் தாளில் மூன்று இலக்கத்தை எழுதிக் கொடுத்துக் காசு வாங்கும் ‘மூணு நம்பர்’ வியாபாரம் அன்றிலிருந்து பிடிபடுவதும் திரும்ப முளைப்பதுமாகவே இருக்கிறது.

அந்த வியாபாரத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்து, இத்தாலிய வரைபடக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய், லண்டனில் தலைமையகம் போட்டு, 2025இல் பெயரையே மாற்றிக்கொண்ட ஒரு நிறுவனம் ஏன் உருவானது என்பது விளங்கும்.

மூன்று இலக்கம் என்றால் 000 முதல் 999 வரை ஆயிரம் எண். பத்து ரூபாய்ச் சீட்டுக்கு ஐயாயிரம் பரிசு என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் எண்ணும் ஆளுக்கொன்றாக விற்றால் வரவு பத்தாயிரம், செலவு ஐயாயிரம். ஆனால் ஜனங்கள் அப்படிச் சமமாக வாங்குவதில்லை. 786 எப்போதும் கனமாக விழும். 111, 777 விழும். முந்தின நாள் கவிழ்ந்த பஸ்ஸின் நம்பர் விழும். ஒரே எண்ணை முப்பது பேர் கட்டி அது வந்தும் தொலைத்தால் ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டும், அன்றைய வசூலோ பத்தாயிரம். சிறிய ஆள் அன்றே கடையைப் பூட்டிக்கொண்டு ஓடுவார். விவரமானவர் மதியம் இரண்டு மணிக்கே கனத்த எண்களைக் கணக்கெடுத்து, ஒரு பகுதியை மேலே இருக்கும் பெரிய கையிடம் தள்ளிவிடுவார்.

இன்னொரு சங்கடம் நேரம். மூன்று மணிக்கு நம்பர் வருகிறது. மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் வந்து ‘நான் இரண்டரைக்கே சொல்லிவிட்டேனே’ என்றால் என்ன சாட்சி? கார்பன் தாளில் மணி இருக்காது. வாட்ஸப் வந்தபின் இந்தத் தகராறு கொஞ்சம் குறைந்தது, அனுப்பிய நேரம் அதிலேயே இருப்பதால்.

இதே சங்கடங்கள் 1970களில் அமெரிக்க மாநில அரசுகளுக்கும் இருந்தன. அங்கே நகரத்துக்கு நகரம் ‘நம்பர்ஸ்’ என்ற கள்ளச் சூதாட்டம், நம்மூர் மூணு நம்பரேதான், ஓடிக்கொண்டிருந்தது. அதே ஆட்டத்தை அரசே நடத்தி வருமானம் பார்க்கலாம் என்று மாநிலங்கள் இறங்கின. ஆனால் ஆயிரக்கணக்கான கடைகளில் விற்பதை அன்றன்றே ஓரிடத்தில் எண்ணி முடிக்கும் வழி அரசிடம் இல்லை.

அதுவரை இருந்தது முன்கூட்டி அச்சடித்த சீட்டு. அந்த முறையைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தடைக்கு முன் அங்குள்ள அச்சகங்களுக்கு லாட்டரிச் சீட்டு ஒரு பெரிய வேலை. எழுத்துத் தொடர், அதற்குப் பின்னால் எண், ஓட்டத்தில் ஒன்றுகூட இரட்டிக்கக் கூடாது, விடவும் கூடாது. இந்த முறையின் பலவீனம் விற்காத சீட்டு. அச்சுக்கூலி போய்விட்டது, பரிசு விற்காத சீட்டில் விழுந்தால் ‘ஏமாற்று வேலை’ என்ற பேச்சும் வந்துவிடுகிறது. பிடித்த எண்ணை ஆட்டக்காரர் தானே சொல்லவும் முடியாது, கடையில் தொங்குவதில் ஒன்றை எடுக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில் நுழைந்தவர்கள் கை ஸ்னோடனும் விக்டர் மார்க்கோவிச்சும். மார்க்கோவிச் கணிதக்காரர். மாநில லாட்டரிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் தொடங்கி, டேட்டாட்ரால் என்ற கம்பெனியின் சூதாட்டப் பிரிவை நடத்தினார்கள். 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர்களான பாஸ் சகோதரர்களின் பணத்தோடு அந்தப் பிரிவைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். பெயர் ஜிடெக். ஊர் ரோட் ஐலண்ட்.

ஜிடெக் விற்றது அதிர்ஷ்டத்தை அல்ல, கணக்கை. மண்டியில் கணக்குப்பிள்ளை இருப்பாரே, சரக்கு எவருடையதாக இருந்தாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்பவர், அந்த வேலை. கடைதோறும் முனையம் (சீட்டு அச்சடிக்கும் கருவி) வைப்பது, கம்பி இழுப்பது, நடுவில் கணினி நிறுத்துவது, அத்தனையும் கம்பெனி செலவு. அரசு முதல் போட வேண்டாம். பதிலுக்கு, சில ஆண்டு ஒப்பந்தம் முடியும்வரை மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதம். பரிசு யாருக்கு விழுந்தாலும், விழாமலே போனாலும் அந்தப் பங்கு வந்துகொண்டே இருக்கும். லாட்டரித் தொழிலில் ‘ஆன்லைன்’ என்ற சொல் இந்தக் கம்பி இணைப்பைத்தான் முதலில் குறித்தது. இணையம் பிறகு வந்தது.

ஒரு சீட்டு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஆட்டக்காரர் தாளில் எண்ணைக் குறித்துக் கொடுக்கிறார். முனையம் அதைப் படித்து மையத்துக்கு அனுப்புகிறது. மையக் கணினி அந்த எண்ணில் இதுவரை எவ்வளவு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறது. வரம்பைத் தாண்டியிருந்தால் ‘விற்றுத் தீர்ந்தது’ என்று திருப்பிவிடும். நம்மூர் ஆள் இரண்டு மணிக்கு விரல்விட்டு எண்ணுகிற வேலை இங்கே நொடிக்குள் முடிகிறது. வரம்புக்குள் இருந்தால் ஒரு வரிசை எண்ணும் நேரமும் போட்டு, ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு கணினிகளில் எழுதுகிறது. வேறு ஊரில் இருக்கும் மாற்று மையத்துக்கும் ஒரு பிரதி போகிறது. எழுதியாயிற்று என்று உறுதியான பிறகுதான் ‘அச்சடி’ என்ற பதில் கடைக்கு வரும். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் அச்சடித்துவிட்டுப் பிறகு எழுதினால், நடுவில் கம்பி அறுந்த ஒரு நொடியில் கணக்கில் இல்லாத சீட்டு ஒன்று ஊருக்குள் உலவும். அதற்கே பரிசு விழுந்தால் கதை முடிந்தது.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. மையத்தில் எழுதியாயிற்று, பதில் வரும் வழியில் தொலைந்தது, சீட்டு வெளியே வரவில்லை. அடுத்த முறை முனையம் பேசும்போது ‘கடைசியாக நீ அச்சடித்தது எந்த வரிசை எண்?’ என்று மையம் கேட்கும். ஒத்துப்போகாததை ரத்துசெய்யும்.

குலுக்கலுக்குச் சில நிமிடம் முன்பு விற்பனை அடைக்கப்படும். அடைத்ததும் கம்பெனியின் கணினி சொல்லும் மொத்தத்தை, லாட்டரித் துறை தன் கையில் தனியே வைத்திருக்கும் சரிபார்ப்புக் கணினியின் மொத்தத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒரு சீட்டு வித்தியாசம் இருந்தாலும் குலுக்கல் உருண்டையைச் சுற்றவிட மாட்டார்கள். மூன்று மணி இரண்டு நிமிடத் தகராறு இங்கே எழ வழியே கிடையாது.

கணக்கு இவ்வளவு கறாராக இருந்தும் உருண்டை கோணலானால் என்ன ஆகும் என்பதற்கு 1980 ஏப்ரல் 24 சாட்சி. பென்சில்வேனியா மாநிலத்தின் மூன்று இலக்கக் குலுக்கல் அன்று தொலைக்காட்சியில் நேரடியாக நடந்தது. மூன்று பெட்டி, ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எழுதிய பத்து பிங்பாங் பந்து. காற்றில் துள்ளி மேலே வருவதுதான் நம்பர். 4, 6 தவிர மற்ற எல்லாப் பந்துக்குள்ளும் ஊசியால் வெள்ளை பெயின்ட் ஏற்றிவிட்டார்கள். கனமான பந்து எழும்பவில்லை. மிச்சம் வரக்கூடியவை 444, 446, 464, 466, 644, 646, 664, 666 என்ற எட்டே எண்கள். கூட்டாளிகள் இந்த எட்டையும் வாரிக் கட்டினார்கள். வந்தது 666. அரசு கொடுத்த பரிசு 35 லட்சம் டாலர், அந்த ஆட்டத்தில் அதுவரை இல்லாத தொகை. எட்டு எண்ணில் மட்டும் சீட்டு குவிந்ததே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. நிகழ்ச்சியை நடத்திய அறிவிப்பாளர் நிக் பெர்ரியே சிறைக்குப் போனார். நம்மைத் தொடுகிற விஷயம் இன்னொன்று: அந்த மாநிலத்தின் கள்ள நம்பர்ஸ் ஆட்களும் அரசு நம்பரையே தங்கள் நம்பராக வைத்து ஆட்டம் நடத்தி வந்தார்கள். கம்பத்தில் விற்கும் துண்டுச் சீட்டு திருவனந்தபுரத்து எண்ணை நம்பியிருப்பதுபோல. எண்ணை உருவாக்கும் செலவு அரசுக்கு, அதன்மீதுள்ள நம்பிக்கையை அறுவடை செய்பவர் வேறு.

ஜிடெக் வளர்ந்தது. 1994 நவம்பரில் பிரிட்டனின் தேசிய லாட்டரி தொடங்கியபோது அதை நடத்திய கேமலாட் கூட்டணியில் ஜிடெக்கின் பங்கு 22.5 சதவீதம். அந்த உரிமத்துக்குப் போட்டியிட்ட இன்னொருவர் வர்ஜின் கம்பெனி முதலாளி ரிச்சர்ட் பிரான்சன். தன்னை விலகச் சொல்லி ஸ்னோடன் லஞ்சம் பேசினார் என்று பிரான்சன் சொல்ல, ஸ்னோடன் மறுக்க, அவதூறு வழக்காகி 1998இல் லண்டன் நடுவர் குழு பிரான்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு ஒரு லட்சம் பவுண்டு. ஸ்னோடன் பதவி விலகினார். பெரிய அரசு ஒப்பந்தங்களை நம்பிய தொழில் இது. ஒரு நாட்டில் ஒருவருக்குத்தான் இடம். அந்த ஒரு நாற்காலிக்கான தள்ளுமுள்ளு எந்த ஊர் டெண்டருக்கும் சளைத்ததல்ல.

2006இல் 465 கோடி டாலருக்கு ஜிடெக்கை வாங்கியது இத்தாலியின் லாட்டரிக் கம்பெனி லோட்டோமாட்டிக்கா. அதன் பெரும்பங்கு தெ அகோஸ்தினி குழுமத்திடம். 1901இல் புவியியலாளர் ஜியோவானி தெ அகோஸ்தினி தொடங்கிய வரைபடப் பதிப்பகம் அது. பள்ளிக்கூடத்து அட்லஸ் போட்ட கம்பெனி. லாட்டரிக்கு எப்படி வந்தது என்று வியக்க அவசியமில்லை. பதிப்புத் தொழிலில் வருமானம் ஏறி இறங்கும், லாட்டரிப் பங்கு மாதாமாதம் வரும்.

எவ்வளவு உறுதியாக வரும் என்பதை வேனிஸ் நகரத்து 53ஆம் எண் காட்டியது. இத்தாலிய லோட்டோவில் நகரத்துக்கு ஒரு ‘சக்கரம்’, ஒவ்வொன்றிலும் 90 எண்களில் ஐந்து எடுப்பார்கள். ஒரு குறிப்பிட்ட எண் ஒரு குலுக்கலில் வர வாய்ப்பு 18இல் ஒன்று. வேனிஸ் சக்கரத்தில் 53 வரவே இல்லை. ஐம்பது குலுக்கல், நூறு குலுக்கல், 182 குலுக்கல், ஏறக்குறைய இரண்டு ஆண்டு. ‘ரொம்ப நாளா வரலை, இன்னைக்கு வந்தே தீரும்’ என்ற நம்மூர் வாதத்தை அங்கேயும் சொன்னார்கள். வீட்டை அடகு வைத்தார்கள். தற்கொலைவரை போனது. 2005 பிப்ரவரி 9 அன்று ஒருவழியாக 53 வந்தது.

உருண்டைக்கு ஞாபகம் கிடையாது. 182ஆவது முறையும் வாய்ப்பு அதே 18இல் ஒன்றுதான். ஓர் எண் ஒரு சக்கரத்தில் தொடர்ந்து 182 முறை வராமல் போக வாய்ப்பு சுமார் முப்பதாயிரத்தில் ஒன்று. அபூர்வம்தான். ஆனால் பத்து நகரச் சக்கரம், தலா 90 எண் என்று 900 இடத்தில் ஆண்டாண்டாக இந்த ஆட்டம் நடக்கிறது. எங்கோ ஓரிடத்தில் இது நடந்தே தீரும். அது 53க்குத்தான் நடக்கும் என்றோ, வேனிஸில்தான் என்றோ முன்கூட்டிச் சொல்ல முடியாது, அவ்வளவே. விற்பனையில் பங்கு வாங்கும் கம்பெனிக்கு 53 வந்தாலும் ஒன்று, வராவிட்டால் இன்னும் நல்லது.

இனி இரண்டாவது குடும்பம். 2015 ஏப்ரலில் லோட்டோமாட்டிக்கா (அதற்குள் ஜிடெக் என்ற பெயரைத் தானே சூடிக்கொண்டிருந்தது) கடனையும் சேர்த்து 640 கோடி டாலர் கணக்கில் ஐ.ஜி.டி.யை வாங்கி, இப்போது ஐ.ஜி.டி. என்ற பெயரை எடுத்துக்கொண்டது. வாங்கியவர் விற்றவரின் பெயரைச் சூடுவது இந்தக் குடும்பத்தின் வழக்கம்.

ஐ.ஜி.டி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வளர்ந்த சூதாட்ட இயந்திரக் கம்பெனி. அதன் மூலவர் சை ரெட், பாலி கம்பெனி இயந்திரங்களை நெவாடாவில் விற்றுவந்தவர். 1975இல் பிரிந்தபோது வீடியோ இயந்திர உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். டிவிப் பெட்டிமுன் உட்கார்ந்து எவன் சூதாடுவான் என்று பாலி நினைத்ததாம். சில ஆண்டில் வீடியோ போக்கர் நெவாடா முழுக்கப் பரவியது.

கோவா கப்பல்களில் அந்தச் சுழலும் உருளைப் பெட்டியைப் பார்த்தவர்கள் பலர். அதற்குள் இருக்கும் ஒரு தந்திரத்தை மட்டும் சொல்கிறேன். பழைய இயந்திரத்தில் மூன்று உருளை, ஒவ்வொன்றிலும் 22 நிறுத்தம் என்று கொள்வோம். 22 × 22 × 22 = 10,648. உச்சப் பரிசு அதில் ஒரு முறைதான் வரும். ஆனால் அதற்கு மேல் பெரிய பரிசு வைத்தால் கடைக்காரருக்கு நட்டம். உருளையைப் பெரிதாக்கினால் பெட்டி பெரிதாகும், ஆட்டக்காரருக்குச் சந்தேகம் வரும். 1984இல் டெல்னேஸ் என்பவருக்குக் கிடைத்த காப்புரிமை இதை உடைத்தது. கண்ணுக்குத் தெரியும் உருளை அதே 22. உள்ளே சில்லு எடுப்பது 64 எண்ணில் ஒன்றை. எந்த எண்ணுக்கு எந்த நிறுத்தம் என்று ஓர் அட்டவணை. உச்சப் பரிசுச் சின்னத்துக்கு ஒரே ஒரு எண் கொடுத்தால் வாய்ப்பு 64 × 64 × 64, அதாவது 2,62,144இல் ஒன்று. அந்தச் சின்னத்துக்கு நேர் மேலும் கீழும் உள்ள வெற்றிடத்துக்கு ஐந்தாறு எண் வீதம் கொடுத்தால்? பரிசுச் சின்னம் கோட்டில் நிற்பதைவிடப் பதினோரு மடங்கு அதிகமாகக் கோட்டை ஒட்டி நிற்கும். ‘அடடா, ஒரு இம்மி’ என்று கை மறுபடி பொத்தானுக்குப் போகும். தோற்ற பிறகு வேண்டுமென்றே ‘ஒரு இம்மி’யைக் காட்டும் வேறொரு கம்பெனியின் நிரலை நெவாடா 1989இல் தடுத்தது. அட்டவணை வழியில் நடப்பதை அனுமதித்தது. சட்டம் பிரித்த கோடு அவ்வளவு மெல்லியது.

1986இல் ஐ.ஜி.டி. தொலைபேசிக் கம்பி வழியாக நெவாடா முழுக்க இயந்திரங்களை இணைத்து ‘மெகாபக்ஸ்’ என்று ஒரே பொதுப் பரிசு வைத்தது. 2003இல் லாஸ் வேகாஸில் ஒருவருக்கு விழுந்தது 3 கோடியே 97 லட்சம் டாலர். இயந்திரத்தை விற்றுவிடாமல், ஓட்டத்தில் பங்கு. ஜிடெக் கடைகளில் செய்ததை ஐ.ஜி.டி. கேசினோவில் செய்தது. இரண்டும் ஒன்றானதில் அதிசயம் இல்லை.

உருண்டை போய் நிரல் வந்தபின் கோளாறு ஊசியிலிருந்து விசைப்பலகைக்கு மாறியது. அமெரிக்காவின் பல மாநிலக் கூட்டு லாட்டரிச் சங்கத்தில் கணினிப் பாதுகாப்பைப் பார்த்தவர் எட்டி டிப்டன். எண் எடுக்கும் நிரலில் சில வரி சேர்த்தார். ஆண்டில் குறிப்பிட்ட மூன்று நாள், வாரத்தில் குறிப்பிட்ட கிழமை, குறிப்பிட்ட மணிக்குமேல் என்றால் மட்டும் நிரல் தன் வழக்கமான வழியை விட்டு, அவர் முன்கூட்டிக் கணக்கிடக்கூடிய சில எண்களுக்குள் வந்துவிடும். மற்ற நாளில் சோதித்தால் சுத்தமாக இருக்கும். 2010 டிசம்பர் 29 குலுக்கலில் 1 கோடியே 65 லட்சம் டாலர் பரிசு அப்படி விழுந்தது. சீட்டு வாங்கிய கடையின் காமிரா காட்டிக்கொடுத்தது. 2017இல் 25 ஆண்டு தண்டனை.

நம் பக்கம் இந்தத் தொழில்நுட்பம் வந்தது ரம்மி ஆப் வழியாக. அங்கேயும் சூத்திரம் ஜிடெக்குடையது: யார் ஜெயித்தாலும் மேசைக்கு இவ்வளவு. 2020 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, சீட்டாட்ட வழக்கு ஒன்றில், இணையச் சூதாட்டத்துக்கு ஒழுங்குமுறை வேண்டும் என்றது. பிறகு தமிழ்நாட்டின் 2021 தடைச் சட்டம், அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து, 2022இல் புதுச் சட்டம், 2023 நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று அதில் பாதி விலக்கு. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்ற மாநில விதிகளை நீதிமன்றம் ஏற்றது. அந்த மை காய்வதற்குள் 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து காசு வைத்து ஆடும் இணைய ஆட்டத்தை மொத்தமாகத் தடுத்துவிட்டது.

வரைபடக் கம்பெனியின் பிள்ளைக்கு வருவோம். 2021இல் இத்தாலியச் சூதாட்டக் கடைத் தொழிலை 95 கோடி யூரோவுக்கு விற்றார்கள். வாங்கியவர் அப்பல்லோவின் கையிலிருந்த கம்பெனி (நம்மூர் ஆஸ்பத்திரி அல்ல, நியூயார்க் முதலீட்டு நிறுவனம்). லோட்டோமாட்டிக்கா என்ற பெயரும் சேர்ந்தே போனது. 2025 ஜூலை 1 அன்று கேசினோ இயந்திரப் பிரிவும் அதே அப்பல்லோவுக்குப் போய், எவெரி என்ற இன்னொரு கம்பெனியோடு சேர்ந்தது. ஐ.ஜி.டி. என்ற பெயரும் அதோடு போய்விட்டது. பெயர் இல்லாமல் மிச்சம் நின்றது ஸ்னோடனும் மார்க்கோவிச்சும் தொடங்கிய அந்தக் கணக்குப்பிள்ளை வேலை. அதற்குப் பிரைட்ஸ்டார் லாட்டரி என்று புதுப்பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டே இத்தாலிய லோட்டோவை இன்னும் ஒன்பது ஆண்டு நடத்தும் உரிமத்தை அதன் கூட்டணி 223 கோடி யூரோவுக்கு எடுத்தது. வேனிஸ் சக்கரமும் அதில் அடக்கம்.